சுருக்கம் கிடையாது

"உங்கள் பெயரைச் சுருக்கமாக எப்படிக் கூப்பிடலாம்?"

2016 ஜனவரியில் ஹியூஸ்டன் நகரின் மேற்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோன மூன்றாம் நாள், பக்கத்து வீட்டுக்காரரிடம் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். எண்ணெய்த் துறையில் வேலை. சிங்கப்பூர் அலுவலகம் என்னை அங்கே மாற்றியிருந்தது. குப்பைத் தொட்டியைத் தெருவோரத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தவர் நின்று கைகொடுத்தார். ஆறடிக்கு மேல் உயரம், முப்பதைத் தொடாத வயது. தம் பெயரைச் சொன்னார். என் காதில் பாதிதான் விழுந்தது. அதனால் அந்தக் கேள்வி.

"சுருக்கம் கிடையாது" என்றார் சிரித்துக்கொண்டே. "முழுசாகச் சொல்லிப் பாருங்கள். வராவிட்டால் இன்னொரு தடவை சொல்லித் தருகிறேன்."

சொல்லிப் பார்த்தேன். திருத்தினார். மறுபடி சொன்னேன். மறுபடி திருத்தினார். மூன்றாவது முறை எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் ராணுவத்தில் இருந்தவர் என்று வீட்டு முகவர் சொல்லியிருந்தது நினைவுக்கு வர, என்ன பதவியில் இருந்தீர்கள் என்று பேச்சை மாற்றினேன். ஸ்டாஃப் சார்ஜண்ட் என்றார். "அப்படியானால் உங்களை சார்ஜண்ட் என்றே கூப்பிடுகிறேனே" என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

நாலரை ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தோம். அத்தனை நாளும் அவர் எனக்கு சார்ஜண்ட்தான். அதை மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் சோம்பேறித்தனத்துக்கு அவர் காட்டிய பெருந்தன்மை அது என்பது பிறகுதான் புரிந்தது.

2021 ஜனவரியில் அவர் காலமானார். வயது 34. இங்கும் அவர் பெயரை எழுதப்போவதில்லை. காரணம் வேறு: குடும்பத்தினர் தங்கள் துயரத்தைத் தங்களோடு வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள். பெயரின் பொருளை மட்டும் சொல்கிறேன். இக்போ மொழியில் அது, 'என் பெயர் தொலைந்து போகாதிருக்கட்டும்' என்று ஒரு தகப்பன் செய்யும் வேண்டுதல்.

நைஜீரியாவின் தென்கிழக்கே, நைஜர் ஆற்றுக்கு அருகில் அனாம்ப்ரா மாநிலத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். தாதியாக வேலை கிடைத்த தாயாரோடு ஒன்பது வயதில் ஹியூஸ்டனுக்கு வந்தார். பள்ளிப் படிப்பை முடித்ததும் 2005ல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். குடிமகனாக இல்லாவிட்டாலும் நிரந்தரவாசிகள் அங்கே படையில் சேரலாம். எட்டு ஆண்டு சேவையில் இரண்டு முறை ஈராக். அடிப்படைப் பயிற்சியின் முதல் நாளே அவர் பெயரைப் படிக்க முடியாத பயிற்சியாளர் அவருக்கு 'ஆல்ஃபபெட்' என்று பெயர் வைத்துவிட்டாராம். நீளமான பெயர்க்காரர்களுக்கு அமெரிக்க ராணுவத்தில் வழக்கமாகக் கிடைக்கும் பட்டம் அது. ஆங்கில நெடுங்கணக்கு முழுவதும் அவர் சட்டையில் இருக்கிறது என்று கிண்டல்.

எனக்கு இது புதிதில்லை. புலாவ் தெக்கோங்கில் தேசிய சேவைக்குப் போனபோது என் நீண்ட பெயரின் முதல் இரண்டெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கடலில் போட்டார்கள். நானும் சரியென்று விட்டுவிட்டேன். பிறகு அலுவலகத்தில், வங்கியில், காப்பிக்கடையில் நானே அந்த இரண்டெழுத்தைத்தான் சொன்னேன். அவர் விடவில்லை. ஆல்ஃபபெட் என்று கூப்பிட்டவர்கள் ஒவ்வொருவரிடமும் நின்று தம் முழுப் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் நகர்வாராம். "சண்டை போடவில்லை, அண்ணா. அவர்கள் கூப்பிட்டார்கள், நான் திருத்தினேன். எட்டு வருஷம்."

அண்ணா என்பது எங்கள் வீட்டில் அவர் பொறுக்கிய சொல். என் தம்பி சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் பேசும்போது அடிக்கடி கேட்டு, என்ன அர்த்தம் என்று விசாரித்தார். மூத்த சகோதரன் என்றதும், அவர்கள் மொழியில் உடன்பிறந்தவரை 'ன்வானே' என்பார்கள், நேர்ப்பொருள் 'தாயின் பிள்ளை' என்றார். உடன்பிறப்பு, சகோதரன் என்ற நம் சொற்களும் ஒரே வயிற்றைத்தான் சொல்கின்றன என்று நான் விளக்க, அன்றிலிருந்து நான் அண்ணா.

நைஜீரியர் என்பதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சம் சிக்கலானது. அக்டோபர் முதல் தேதி, 1960ல் நைஜீரியா விடுதலை பெற்ற நாள், வீட்டு வாசலில் பச்சை வெள்ளை பச்சைக் கொடி ஏறிவிடும். அமெரிக்கக் கொடி ஒரு பக்கம், அது ஒரு பக்கம். ஆனால் அவருடைய தந்தை உயிரோடு இருந்தவரை அந்தக் கொடியைத் தொட்டதில்லையாம். 1967 மே மாதம் இக்போ மக்கள் வாழும் கிழக்குப் பகுதி பயாஃப்ரா என்று தனி நாடாகப் பிரிந்தது. போரும் முற்றுகையும் பட்டினியுமாக 1970 ஜனவரியில் அது முடிந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள், பெரும்பாலும் பசியால். அப்போது சிறுவனாக இருந்த தந்தை, தம் இரண்டு தங்கைகளைப் புதைத்த இடத்தைக் காட்டியிருக்கிறார். "அப்பாவுக்கு அந்தக் கொடி பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். இரண்டும் சரிதான்" என்பார் சார்ஜண்ட். அதற்கு மேல் விளக்க மாட்டார்.

அமெரிக்கக் குடியுரிமையை அவர் பெற்ற கதையைக் கேட்டால் மட்டும் உற்சாகமாகிவிடுவார். 2009 ஜூலை 4, பாக்தாத். சதாம் உசேன் கட்டிய அல்-ஃபா அரண்மனையில், பளிங்குத் தூண்களுக்கு நடுவே, அப்போது துணை அதிபராக இருந்த ஜோ பைடன் முன்னிலையில் உறுதிமொழி எடுத்த படைவீரர்களில் அவரும் ஒருவர். "ஆப்பிரிக்காவில் பிறந்தவன், ஈராக்கில், சதாம் வீட்டில் நின்று அமெரிக்கனானேன். இதற்குமேல் என்ன வேண்டும்?" நைஜீரியாவில் பிறந்தவர்கள் பிறந்த நாட்டுக் குடியுரிமையையும் வைத்துக்கொள்ளலாம் என்பதால் அவரிடம் இரண்டு கடப்பிதழ்கள் இருந்தன. சிங்கப்பூரில் அப்படி முடியாது என்று சொன்னபோது உண்மையாகவே வருத்தப்பட்டார், எனக்காக.

முதன்முதலில் அவர் வீட்டுக்குப் போனபோது மரத்தட்டில் கோலா கொட்டை கொண்டுவந்து வைத்தார். விருந்தாளிக்கு முதல் மரியாதை அதுதான். உடைப்பதற்கு முன் பிரார்த்தனை உண்டு. நான் மரியாதைக்காக, "ஆங்கிலத்தில் சொன்னால் நானும் சேர்ந்துகொள்வேனே" என்றேன். "கோலா கொட்டைக்கு ஆங்கிலம் புரியாது" என்றார். அது அவர்களிடையே எல்லாருக்கும் தெரிந்த சொலவடையாம். கொட்டையின் முன்னால் இக்போவில்தான் பேச வேண்டும். பேசினார். உடைத்தார். நான்கு பிளவு வந்தது. அவர்களுடைய வாரத்துக்கு நான்கே நாள். ஏகே, ஓரியே, ஆஃபோ, ன்க்வோ என்று நான்கு சந்தை நாள்கள். கொட்டை நான்காகப் பிரிந்தால் நல்ல சகுனம். வாயில் போட்டால் கசப்பு காது வரை ஏறுகிறது.

மறு ஆண்டு அம்மா எங்களோடு தங்க வந்தார். வயது 74. சார்ஜண்ட் நீட்டிய கோலாவை ஒரு கடி கடித்துவிட்டு, "இது நம்ம கொட்டப்பாக்கு மாதிரில்ல இருக்கு" என்று சொல்லி, இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து வெற்றிலை மடித்து அவரிடம் நீட்டினார். ஹில்கிராஃப்ட் சாலையில் இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கும்; வெற்றிலை அங்கே வாங்கியது. அவர் மென்றார். அம்மா அவர் மனைவி செய்திருந்த ஜோலோஃப் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் தக்காளிச் சாதத்தில் மிளகாய் கூடிவிட்டது என்றார். (கானாக்காரர்கள் செய்யும் ஜோலோஃபா, நைஜீரியர்கள் செய்வதா, எது உயர்ந்தது என்ற சண்டை மேற்கு ஆப்பிரிக்கர்களிடையே ஓயாதது. பிரியாணி விஷயத்தில் நாம் படும் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.)

அம்மாவுக்கு அவர் பெயர் வாயில் நுழையவே இல்லை. தம்பி என்றார். சார்ஜண்ட் அர்த்தம் கேட்டார். கேட்டுவிட்டு, "அது சுருக்கம் இல்லை, உறவு. அனுமதி உண்டு" என்றார்.

அந்த ஆகஸ்டில்தான் ஹார்வி சூறாவளி வந்தது. 2017 ஆகஸ்ட் 25 இரவு டெக்சஸ் கரையைத் தொட்டு, பிறகு நகராமல் ஹியூஸ்டன் மேலேயே நின்று நாள் கணக்கில் கொட்டியது. முதல் நாளே சார்ஜண்ட் கதவைத் தட்டினார். குளியல் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து வையுங்கள், மருந்து, கடப்பிதழ் எல்லாம் பிளாஸ்டிக் பையில், கோடரி இருக்கிறதா? கோடரி எதற்கு என்றேன். "வெள்ளத்துக்குப் பயந்து கூரைக்கு அடியில் ஏறுகிறவர்கள் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். கூரையை உடைக்கக் கோடரி வேண்டும்." தம்முடையதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

கோடரிக்கு வேலை வரவில்லை. ஆனால் பார்க்கர் நீர்த்தேக்கம் நிரம்பி, எங்கள் தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியபோது, மீன்பிடிக்கும் அலுமினியப் படகு ஒன்றை எங்கிருந்தோ தள்ளிக்கொண்டு வந்தார். அதில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அம்மாவை உட்கார வைத்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தால் தெப்பத்தில் எழுந்தருளியது போலிருந்தது. சார்ஜண்ட் முன்னால் இழுத்தார், நான் பின்னால் தள்ளினேன். அன்று அந்தப் படகு பதினோரு நடை போனது. கடைசி நடையில் அவர் கடுமையாக இருமினார். நின்று, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நீண்ட நேரம். "ஈராக் சளி" என்றார். "அங்கே இருந்த எல்லாருக்கும் உண்டு."

இன்னும் ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். வெள்ளம் வடிந்து, ஈரமான சுவர்ப் பலகைகளைப் பிய்த்தெறிந்து முடித்த பிறகு, அம்மா பேர்லண்டில் இருக்கும் மீனாட்சி கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். வேண்டுதல். தம்பியும் வர வேண்டும் என்றார். சார்ஜண்ட் தவறாமல் பூசைக்குப் போகும் கத்தோலிக்கர், இருந்தாலும் வந்தார். இக்போ ஆண்கள் விசேஷத்துக்குப் போடும் சிங்கமுகம் நெய்த சட்டையை அணிந்து, காலணியைக் கழற்றிவிட்டு, அம்மாவுக்குப் பின்னால் நின்றார். அம்மா அவர் பேரில் அர்ச்சனைச் சீட்டு வாங்கிவிட்டார். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு பெயர் கேட்டார். சார்ஜண்ட் சொன்னார், வழக்கம்போல முழுசாக, குடும்பப் பெயரையும் சேர்த்து. நட்சத்திரம் தெரியாது. கோத்திரம்? அம்மா தயங்காமல் "சிவ கோத்திரம்" என்றார். குருக்கள் இன்னொரு முறை பெயரைச் சொல்லச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார். பிறகு சங்கல்பத்தில் அந்த நீண்ட பெயரை ஓரிடத்தில்கூட இடறாமல் ஒரே மூச்சில் சொல்லி 'நாமதேயஸ்ய' சேர்த்துக்கொண்டு உள்ளே போனார்.

காருக்குத் திரும்பும்வரை சார்ஜண்ட் பேசவில்லை. இருக்கை வாரைப் போட்டுக்கொண்ட பிறகு, "இருபத்திரண்டு வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறேன். இரண்டாவது தடவையிலேயே சரியாகச் சொன்ன முதல் ஆள் இவர்" என்றார். நான் வண்டியை எடுத்தேன். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அன்றும் நான் அவரை சார்ஜண்ட் என்றுதான் கூப்பிட்டேன்.

அவருக்கு ஒரு மகள். அப்போது நான்கு வயது. மகன் பிறந்தது 2016 நவம்பரில். அவருடைய தந்தை இறந்து ஓராண்டு கழித்துப் பிறந்த பிள்ளை. குழந்தைக்கு 'என் தந்தை உயிரோடிருக்கிறார்' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். போன முன்னோர் அதே குடும்பத்தில் திரும்பிப் பிறப்பார்கள் என்பது இக்போ மக்களின் நம்பிக்கை. பெயர் சூட்டிய விருந்தில் அவரிடம் ஒரு விஷயம் சொன்னேன்: தமிழில் மகனுடைய மகனைப் பேரன் என்கிறோம், அது பெயரன், தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். அவர் உடனே எழுந்து, கூடத்தில் இருந்த அத்தனை இக்போக்காரர்களையும் அமைதியாக்கி, என்னை இன்னொரு முறை அதைச் சொல்ல வைத்தார். கிழவர்கள் மேசையைத் தட்டினார்கள்.

பிள்ளைகளிடம் வீட்டில் இக்போவில்தான் பேசுவார். அதில் கண்டிப்பு. மொழியில் ஏற்ற இறக்கம்தான் உயிர். 'அக்வா' என்று எழுதும் ஒரே சொல்லை நான்கு விதமாகச் சொல்லலாம். குரல் ஏறி இறங்குவதைப் பொறுத்து அழுகை, துணி, முட்டை, கட்டில் என்று அர்த்தம் மாறும். ஒரு நாள் நான் முட்டை கேட்கிறேன் என்று நினைத்து அழுகை கேட்டுவிட்டேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பழிக்குப் பழியாக ல, ள, ழ மூன்றையும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். அவளுக்கு ழகரம் மூன்றே நாளில் வந்துவிட்டது. எங்கள் அண்டைவீட்டார் பலருக்கு அறுபது வயதாகியும் வராதது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2019 அக்டோபரில் கணையப் புற்றுநோய் என்று தெரிந்தது. வயது 33. அப்போதுதான் பலாட் பற்றி முதன்முறையாக விரிவாகப் பேசினார். பாக்தாதுக்கு வடக்கே இருந்த பெரிய தளம் அது. முதல் முறை ஈராக் போனபோது அவர் இருந்த இடம். தளத்தின் குப்பை முழுவதையும் ஒரு மாபெரும் குழியில் போட்டு எரிப்பார்கள். பிளாஸ்டிக், பேட்டரி, சாயம், மருத்துவக் கழிவு, உடைந்த மின்சாதனங்கள், எல்லாம். விமான எரிபொருளை ஊற்றிக் கொளுத்துவது. இரவும் பகலும் அணையாது. கரும்புகை கூடாரங்களின் மேல் படியும். அவர் சரக்கு வாகனப் பிரிவு. குப்பை வண்டியையும் ஓட்டியிருக்கிறார். புகைதான் காரணம் என்று எந்த மருத்துவரும் அவரிடம் அடித்துச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. இழப்பீடு கேட்டு மனுப் போட்டார். சேவைக்கும் நோய்க்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை என்னிடம் காட்டி, விரலால் முதல் வரியைத் தொட்டார். "பாருங்கள் அண்ணா. பெயரில் இரண்டு எழுத்துப் பிழை."

பிறகு கொவிட்-19. எங்களைச் சிங்கப்பூருக்குத் திரும்ப அழைத்துவிட்டார்கள். 2020 ஜூனில் விமானம். சிகிச்சையில் இருப்பவர் என்பதால் அவர் வீட்டுக்குள் நாங்கள் போவதில்லை. மாலையில் அவர் தம் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார், நான் என் வாசலில். நடுவில் புல்வெளி. சட்டை தோளிலிருந்து தொங்கும் அளவுக்கு இளைத்துவிட்டார். புறப்படுவதற்கு ஒரு வாரத்துக்கு முன், "தொலைபேசியில் ஒன்று பதிவு செய்ய வேண்டும்" என்றார். பிள்ளைகளுக்கு ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். இல்லை. தம் பெயர்.

"அவர்கள் என்னைப் புதைக்கும்போது பெயரைக் கொலை செய்வார்கள். மற்றதெல்லாம் ஒழுங்காகச் செய்வார்கள், எனக்குத் தெரியும். நானே பல பேருக்குச் செய்திருக்கிறேன். பெயரில் மட்டும் இடறுவார்கள்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? "அதெல்லாம் எதற்கு இப்போது? குணமாகிவிடும், சார்ஜண்ட்" என்றேன். அந்த நேரத்தில் நம் எல்லார் வாயிலும் வரும் பேச்சு. அவர் பொறுமையாகக் காத்திருந்தார். நான் தொலைபேசியை எடுத்து, புல்வெளியின் பாதி வரை நடந்து, கையை நீட்டிப் பிடித்தேன். மூன்று முறை சொன்னார். ஒரு முறை வேகமாக, ஒரு முறை நிறுத்தி நிறுத்தி, ஒரு முறை இயல்பாக. பிறகு, "இப்போது நீங்கள் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். நாலரை ஆண்டில் இரண்டாவது முறை. அவர் சிரித்தார். "நடுவில் குரல் ஏற வேண்டும். பரவாயில்லை, நெருங்கிவிட்டீர்கள்."

அதுதான் நேரில் கடைசி.

அவர் இறந்தபோது எங்கே புதைப்பது என்பதில் பெரிய மனஸ்தாபம் வந்தது. இக்போக்காரரின் உடல் எந்த நாட்டில் விழுந்தாலும் பிறந்த மண்ணுக்கு, தகப்பன் வீட்டு வளாகத்துக்குப் போக வேண்டும். ஊரிலிருந்து பெரியப்பாக்கள் இரவு பகலாகப் பேசினார்கள். இவ்வளவு பெருமை பேசிய பிள்ளை வெளியூர் மண்ணில் கிடப்பதா என்பது அவர்கள் கேள்வி. ஆனால் அவர் எழுதி வைத்திருந்தார்: ஹியூஸ்டன் தேசியக் கல்லறையில், பிள்ளைகள் நினைத்த நேரத்தில் வந்து போகும் தூரத்தில். முன்னாள் படைவீரர்களுக்கு அங்கே கட்டணமில்லாமல் இடம் உண்டு. மனைவிக்கும் பின்னாளில் அருகிலேயே இடம். கடைசியில் தாயார்தான் முடித்து வைத்தார். மகனின் நகத்தையும் ஒரு கொத்து முடியையும் வெட்டி வெள்ளைத் துணியில் முடிந்து வைத்துக்கொண்டார். அந்த ஆண்டு டிசம்பரில் அவை அனாம்ப்ராவின் செம்மண்ணில், தந்தைக்குப் பக்கத்தில் புதைக்கப்பட்டன. பெரியப்பாக்கள் ஒரு இறுதிச் சடங்கின் அத்தனை முறைகளையும் அந்தச் சிறு துணிக்குச் செய்தார்களாம்.

ஹியூஸ்டன் அடக்கத்தை நாங்கள் திரையில் பார்த்தோம். அங்கே காலை 11 மணி, இங்கே பின்னிரவு ஒரு மணி. அம்மாவும் விழித்திருந்தார். முகக்கவசம் அணிந்த கொஞ்சம் பேர், இடைவெளி விட்டு. பாதிரியாரின் ஜெபம். துப்பாக்கி வேட்டு. ஊதுகொம்பு. வெள்ளைக் கையுறை அணிந்த இரண்டு படைவீரர்கள் கொடியைப் பதின்மூன்று மடிப்பாக முக்கோணமாக்கி மனைவியிடம் முழந்தாளிட்டுக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு, அவருடைய பழைய படைப்பிரிவு நண்பர்கள் நாலைந்து பேர் முன்னால் வந்தார்கள். இறந்த வீரருக்குக் கடைசியாக ஒரு முறை ஆஜர் எடுக்கும் வழக்கம் அங்கே உண்டு. வரிசையில் நிற்கிற ஒருவர் பெயரை முதலில் அழைப்பார்கள். அவர் "இருக்கிறேன்" என்று பதில் சொல்வார். இரண்டாமவரும் சொல்வார். பிறகு இறந்தவரின் பெயர். பதில் இல்லை. மறுபடி அழைப்பார்கள். மூன்றாம் முறை முழுப் பெயர்.

அழைத்தவர் செம்பட்டை மீசை வைத்த, கனத்த டெக்சஸ்காரர். ஒரு வாரத்துக்கு முன் அந்தப் பதிவை அவருக்கு நான் அனுப்பியிருந்தேன். ஒரு வாரம் முழுவதும் காரில் போகும்போதெல்லாம் போட்டுக் கேட்டதாகப் பிறகு எழுதினார். முதல் முறை பதவியும் குடும்பப் பெயரும். இரண்டாம் முறை பெயரும் சேர்த்து. மூன்றாம் முறை எல்லாம் சேர்த்து, நடுவில் குரல் ஏற வேண்டிய இடத்தில் ஏறி, முழுசாக. காற்றில் ஒலிவாங்கி இரைந்தது. அம்மா திரையைப் பார்த்து மெல்ல, "தம்பி" என்றார்.

2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. எரிகுழிப் புகையில் பணியாற்றிய படைவீரர்களுக்குக் குறிப்பிட்ட சில புற்றுநோய்கள் வந்தால், சேவையால் வந்ததாகவே கருதப்படும்; இவரைப்போல ஒவ்வொருவரும் தொடர்பை நிறுவ வேண்டியதில்லை. ஈராக்கில் பணியாற்றி, 2020ல் நுரையீரல் புற்றுநோயால் இறந்த ஹீத் ராபின்சன் என்ற ஒஹாயோ மாநிலத்துப் படைவீரரின் பெயரைச் சட்டத்துக்கு வைத்திருக்கிறார்கள். அவரும் ஒரு சிறு பெண் குழந்தையை விட்டுப் போனவர். பட்டியலில் கணையப் புற்றுநோயும் இருக்கிறது. கையெழுத்திட்டவர் பைடன், இம்முறை அதிபராக. முன்பு நிராகரிக்கப்பட்ட குடும்பங்களும் மறுபடி கேட்கலாம் என்பதால் சார்ஜண்டின் மனைவி மனுப் போட்டார். ஏற்றுக்கொண்டு கடிதம் வந்தது. அதில் பெயர் சரியாக இருந்ததா என்று கேட்டேன். முதலில் அதைத்தான் பார்த்தேன், சரியாக இருந்தது என்றார்.

2023 மே மாதம் எண்ணெய்த் துறை மாநாட்டுக்காக ஹியூஸ்டன் போனபோது கல்லறைக்குப் போனேன். அவர் மனைவி பிள்ளைகளோடு வந்திருந்தார். ஒரே அளவில் வெள்ளைப் பளிங்குக் கற்கள், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. அவருடைய கல்லில் பெயர் மட்டும் மற்றவற்றைவிட நெருக்கி எழுதப்பட்டிருந்தது. அவ்வளவு எழுத்துக்கும் இடம் பிடிக்க வேண்டுமே. அதன் கீழே பதவி, ராணுவம், ஈராக், இரண்டு தேதிகள்.

மகள் என் மனைவிக்காக 'வாழைப்பழம்' என்று சொல்லிக் காட்டினாள். ழகரம் மறக்கவில்லை. நான் அம்மா கொடுத்தனுப்பிய கொட்டைப்பாக்கைக் கல்லின் அடியில் வைத்தேன். சிங்கப்பூரிலிருந்து கொண்டுபோனதில்லை, ஹில்கிராஃப்டில் வாங்கியதுதான். கொடுத்தனுப்பியது அம்மாவின் உத்தரவை மட்டும். பிறகு கல்லில் இருந்த பெயரை வாய்விட்டுப் படித்தேன். இங்கே விமானம் ஏறும்வரை பயிற்சி செய்திருந்தேன். சிறுவன் ஒன்றும் சொல்லவில்லை. தாயைப் பார்த்தான், அவர் சரி என்பதுபோல் தலையசைத்தார்.

தைரியம் வந்து, ஆறரை வயதுப் பையனிடம் திரும்பி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் தலையை ஆட்டி மறுத்தான்.

"அப்படி இல்லை, அங்கிள். முதலில் மேலே போகணும். கேளுங்க, நான் சொல்றேன்."

கல்லின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். நான் திருப்பிச் சொன்னேன். இன்னொரு தடவை என்றான்.